விடியக் குளிருக்கும் நுவரெலியா ஏற்றத்துக்கும் ஒரே ஜக்கெட்: பெண்களுக்கு எது பொருந்தும்?

உப்புவெளி விடியல் | டிசம்பர் 4, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். வாரத்தில் நான்கு நாள் விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு ரீசேர்ட் போதும். வாடை தொடங்கிய பிறகுதான் சிக்கல். சாம்பல்தீவுப் பாலத்துக்கு வரும்போது சேர்ட் வேர்வையில் நனைந்திருக்கும். அந்த ஈரத்தில் கடற்காற்று அடித்தால் நெஞ்சுக்குள் குளிர் இறங்கி விடுகிறது. போன மாதம் மட்டும் இரண்டு தடவை தடிமன்.

இதோடு இன்னொன்று. ஜனவரி நடுவில் நாங்கள் ஐந்து பெண்கள் கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறப்போகிறோம். இரண்டு நாள் ஏற்றம், மூன்றாம் நாள் அதே வழியால் இறக்கம். கண்டி வரை சைக்கிள்களை வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறோம்.

இரண்டுக்கும் உதவுகிற மெல்லிய ஜக்கெட் ஒன்று வேண்டும். சுருட்டினால் சேர்ட்டின் பின்பொக்கற்றுக்குள் போக வேண்டும். என் உயரம் 5 அடி 1 அங்குலம். தோள் ஒடுக்கம், இடுப்பு அகலம். தம்பியின் ஜக்கெட்டைப் போட்டுப் போனேன். கை நீளம் கூடி, பிரேக்கைப் பிடிக்கும் விரல்களுக்கு மேல் துணி வந்து விழுந்தது. இடுப்பில் இறுகி மேலே ஏறி, முதுகின் கீழ்ப்பக்கம் முழுவதும் வெளியே. கடைகளில் கேட்டால் "இது ஆண் பெண் இருவருக்கும்தான்" என்று அதையேதான் எடுத்துத் தருகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சோளகம் | டிசம்பர் 4, இரவு 8.25

தங்கச்சி, நான் பல வருடமாகக் குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் ஓடுகிறவன். எனக்குத் தெரிந்த வரையில் மழைக்குத் தாங்காத ஜக்கெட்டில் காசு போடுவது வீண். நவம்பர், டிசம்பரில் இங்கே எப்போது கொட்டும் என்று யாருக்குத் தெரியும்? இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிய பிறகு ஒதுங்க ஒரு கூரையும் கிடையாது. நுவரெலியாவில் நனைந்தால் அதைவிட மோசம். தையல் எல்லாவற்றிலும் உட்பக்கம் டேப் ஒட்டிய, 10,000 மில்லிமீட்டர் நீர் தாங்கும் என்று லேபலில் போட்ட மழை ஜக்கெட் ஒன்றை வாங்குங்கள். காற்றையும் மறிக்கும், மழையையும் மறிக்கும். ஒரே செலவு.

உள்ளூசி | டிசம்பர் 4, இரவு 10.02

அக்கா, நான் கார்மென்ட்ஸில் 11 வருடம். அதில் ஏழு வருடம் வெளிநாட்டுக்குப் போகிற விளையாட்டு உடுப்புகளின் தரம் பார்க்கிற வேலை. ஒரு நாளைக்கு எத்தனை ஜக்கெட் என் கையால் புரண்டிருக்கும் என்று கணக்கில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோளகம் அண்ணா சொல்வது மலைக்குச் சரி. திருகோணமலைக்குச் சரி வராது. மழை ஜக்கெட்டின் உள்ளே மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது மழைத்துளியை உள்ளே விடாது, வேர்வை ஆவியை வெளியே விடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆவி தானாக வெளியே போகாது. உள்ளே ஈரம் கூடவும் வெளியே ஈரம் குறையவும் இருந்தால்தான் தள்ளப்பட்டுப் போகும். மார்கழி விடியலில் எங்கள் கடற்கரைக் காற்றே பிழிந்தெடுக்கலாம் போல இருக்கிறது, வெப்பமும் 24 பாகைக்குக் கிட்ட. ஆவி எங்கே போகும்? உள்ளேயே தங்கித் தண்ணீராகும். மழையில் நனையாமல் வேர்வையில் நனைவீர்கள். பிறகு சிப்பைத் திறந்ததும் காற்று பட்டு அதே குளிர்.

உங்களுக்கு வேண்டியது காற்று ஜக்கெட். ஒற்றைத் துணி, உள்ளே படலம் இல்லை, லைனிங் இல்லை. நைலோனில் சின்னக் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அந்தக் கிழியாத நெசவு. 10 முதல் 20 டெனியர் நூல் (டெனியர் என்பது நூலின் தடிப்பைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் நூல் மெல்லிசு). முழு ஜக்கெட்டும் 70 முதல் 120 கிராம்தான் வரும். இரண்டு கோழி முட்டையின் எடை என்று வையுங்கள். வெளிப்பக்கம் நீர் ஒட்டாத பூச்சு இருக்கும். தூறலுக்குத் தாங்கும், கொட்டும் மழைக்குத் தாங்காது.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். துணியை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பலமாக ஊதுங்கள். மறுபக்கம் கையில் மூச்சு துளியும் படாவிட்டால் அது மழைத்துணி, அல்லது பூச்சு தடித்த துணி. தாராளமாகப் பட்டால் காற்றை மறிக்காது. கஷ்டப்பட்டு ஊதும்போது மெல்லிசாகப் பட வேண்டும். அதுதான் உங்களுடைய துணி.

பொருத்தம் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். உங்கள் தொல்லையில் பாதி துணி, மீதிப் பாதி வெட்டு.

சோளகம் | டிசம்பர் 5, காலை 6.15

பிள்ளை சொன்ன காரணம் விளங்குது. எனக்கும் உள்ளே நனையும், ஆனால் அதை மழை புகுந்தது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஆனாலும் மலையில் இரண்டு மணித்தியாலம் மழை பிடித்தால் இந்த இரண்டு முட்டை ஜக்கெட் என்ன செய்யும்? அதற்குப் பதில் வேண்டும்.

தேயிலைமேடு | டிசம்பர் 5, பகல் 1.40

நான் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது வேலை திருகோணமலையில். குளிர் பற்றி நான் சொல்லலாம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை குறையும். அப்படிப் பார்த்தால் இங்கே 24 இருக்கும்போது அங்கே 12. ஜனவரி இரவுகளில் பத்துக்கும் கீழே போவது வழமை. சில விடியல்களில் புல்லில் துகள்பனியும் காணலாம்.

ஆனால் அக்கா, ஏறும்போது உங்களுக்குக் குளிராது. ரம்பொடையிலிருந்து மேலே வளைந்து வளைந்து ஏறும் வீதியில், நீங்கள் மணிக்கு 7, 8 கிலோமீட்டரில் உழக்கிக்கொண்டிருப்பீர்கள். உடம்பு அடுப்பு மாதிரி இருக்கும். எந்த ஜக்கெட்டும் வேண்டாம், பொக்கற்றில் கிடக்கட்டும். குளிர் இறக்கத்தில்தான். உழக்குவதே இல்லை, வேகம் நாற்பது, சேர்ட் ஈரம், லபுக்கலைப் பக்கம் முகில் வீதிக்கு வந்து நிற்கும். விரல் விறைத்து பிரேக்கை அழுத்த முடியாமல் போனவர்களை எனக்குத் தெரியும். ஆகவே மெல்லிய கையுறையை மறக்க வேண்டாம். ஜக்கெட்டைவிட அதுதான் முதலில்.

சோளகம் அண்ணாவின் கேள்விக்கு என் பதில்: மலைக்கு இரண்டும் கொண்டுபோக வேண்டும். காற்று ஜக்கெட் பொக்கற்றில், மழை ஜக்கெட் சைக்கிள் பையில்.

நுவரெலியா நகரில் பேல் பஸார் இருக்கிறது. கார்மென்ட்ஸில் மிஞ்சிய குளிர் உடுப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கும். ஆனால் அங்கே கிடைப்பதில் அதிகம் பஞ்சு அடைத்தது, உள்ளே கம்பளி மாதிரித் துணி வைத்தது. ஹோட்டலில் பின்னேரம் போட்டுத் தேநீர் குடிக்க நல்லது. சைக்கிளுக்கு உதவாது.

உள்ளூசி | டிசம்பர் 5, இரவு 9.30

சொன்னபடி பொருத்தம் பற்றி.

ஆண்களின் ஸ்மோல் சைஸ், சின்ன உடம்புக்காரப் பெண்ணின் சைஸ் அல்ல. அது சின்ன உடம்புக்கார ஆணின் சைஸ். அந்த வெட்டில் தோள் அகலம், கை நீளம், இடுப்பு நேர்கோடு. எங்களுக்குத் தோள் ஒடுக்கம், மார்புக்கு முன்பக்கத்தில் துணி வேண்டும், பிறகு இடையில் குறைந்து மறுபடி இடுப்பில் விரிய வேண்டும். நேர்கோட்டு வெட்டை எங்களுக்குப் போட்டால், இடுப்பில் இடம் இல்லாமல் ஜக்கெட் மேலே ஏறி இடையில் சுருண்டு நிற்கும். தோளில் மிஞ்சிய துணி காற்றில் படபடக்கும். அக்கா, உங்கள் தம்பியின் ஜக்கெட் செய்தது அதைத்தான்.

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று ஜக்கெட் வாங்கவே கூடாது. சைக்கிளைக் கடை வாசலுக்குக் கொண்டுபோங்கள். சுவரில் சாய்த்து, ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஹாண்டிலில் வையுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது முன்பக்கம் கட்டையாகவும் பின்பக்கம் வால் மாதிரி நீளமாகவும் தெரிந்தால் அதுதான் சரியான வெட்டு. குனிந்தால் இரண்டும் சமமாகும். கை மணிக்கட்டு எலும்பை மூட வேண்டும், விரலுக்கு வரக்கூடாது. சிப்பை முழுதாக மேலே இழுத்ததும் மார்புக்குக் குறுக்கே கோடு கோடாகத் துணி இழுபட்டால் ஒரு சைஸ் கூட்டுங்கள். வயிற்றில் துணி பந்தாகக் குவிந்தால் முன்பக்கம் நீளம். கடைசியாக, பின்னால் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போலத் தலையைத் திருப்புங்கள். கொலர் தாடையில் இடிக்கக்கூடாது.

இனி நான் வேலையில் பார்க்கிற விஷயம், வாங்குகிறவர்கள் பார்க்காதது. தையலை இரண்டு கையாலும் மெதுவாக இழுத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். இவ்வளவு மெல்லிய துணியை 9ஆம் நம்பர் ஊசியில் தைக்க வேண்டும். அவசரத்தில் தடித்த ஊசியைப் போட்டுத் தைத்தால் ஒவ்வொரு துளையும் நட்சத்திரம் மாதிரித் தெரியும். இந்தத் துணியில் விழுந்த துளை பிறகு மூடாது. ஆறு மாதத்தில் அந்தக் கோட்டிலேயே கிழியும். விலை கூடிய ஜக்கெட்டிலும் இதைக் கண்டிருக்கிறேன், மலிவானதில் அழகான தையலையும் கண்டிருக்கிறேன். லேபலை நம்ப வேண்டாம், வெளிச்சத்தை நம்புங்கள்.

சிப் முழு நீளம் இருக்க வேண்டும். பாதிச் சிப் இருக்கிறதை ஓடும்போது கழற்ற முடியாது. கழுத்தடியில் சிப்பின் தலை ஒளிந்துகொள்ள ஒரு சின்ன மடிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தாடையை அராவும்.

கிண்ணியாப் பாலம் | டிசம்பர் 6, காலை 11.05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கிண்ணியா. தினமும் வேலைக்குச் சைக்கிளில் பாலத்தைக் கடக்கிறேன். 2009இல் பாலம் திறக்கும் வரை எங்கள் ஆட்களுக்குப் பாதைப்படகுதான். 396 மீட்டரில் ஒரு மறைப்பும் இல்லை. வாடைக் காலத்தில் குறுக்குக் காற்று சைக்கிளோடு சேர்த்துத் தள்ளும்.

உள்ளூசி தங்கச்சி, கொலர் பற்றி எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு விஷயம் சேருங்கள். நான் ஹிஜாப் கட்டி அதற்கு மேல் ஹெல்மெட் போடுகிறவள். உயர்ந்த, இறுக்கமான கொலர் உள்ள ஜக்கெட்டில் துணிக்கு மேல் துணியாகிக் கழுத்துத் திரும்பாது. பின்னால் பார்க்காமல் பாலத்தில் வலப்பக்கம் எடுக்க முடியாது. கொலர் தாழ்வாக, இலாஸ்டிக் இல்லாமல் இருந்தால் ஹிஜாபின் நுனியை உள்ளே விட்டுச் சிப்பை மூடலாம், சங்கிலியில் மாட்டும் பயமும் இல்லை. நீளக் கையும் எனக்கு வேண்டும், கையில்லாத வெஸ்ட் சரி வராது.

நிறம் பற்றியும் யாரும் சொல்லவில்லை. நான் ஒன்லைனில் கறுப்பு ஒன்று வாங்கினேன். அது இரண்டாம் மாதமே சிப் பல் விட்டுப் போனது வேறு கதை. விடியற்காலையில் ஒரு லொறி என்னை அரைச் சாணில் உரசிப் போனது. சாரதி இறங்கி வந்து, "தங்கச்சி, சத்தியமாகத் தெரியவில்லை" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் இல்லை. அன்றோடு கறுப்பை விட்டேன்.

உள்ளூசி | டிசம்பர் 6, இரவு 8.50

ராத்தா, நல்ல வேளை எழுதினீர்கள். நாங்கள் கொலர் வைக்கிற அளவெல்லாம் வெறுங்கழுத்துக்குத்தான். வாங்கப் போகும்போது கட்டுகிற ஹிஜாப், போடுகிற ஹெல்மெட் இரண்டோடும் போய்ப் போட்டுப் பாருங்கள்.

நிறத்தில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் உண்டு. கண்ணைப் பறிக்கிற மஞ்சள், செம்மஞ்சள் பகலிலும் விடிகிற நேரத்திலும்தான் வேலை செய்யும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரால்தான் அது பளிச்சிடுகிறது. இருட்டில் அது சாதாரண நிறம். இருட்டில் உதவுவது வாகன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற வெள்ளிப் பட்டி. இரண்டும் வேண்டும். ஜக்கெட்டில் பட்டி குறைவாக இருந்தால் கணுக்காலில் ஒரு பட்டி கட்டுங்கள். மேலும் கீழும் போகிற வெளிச்சத்தைக் கண்டால் சாரதிக்கு உடனே ஆள் என்று விளங்கும்.

உப்புவெளி விடியல் | டிசம்பர் 9, காலை 8.30

எல்லோருக்கும் மிக்க நன்றி. சும்மா கேட்டுவிட்டுப் போகாமல் இரண்டு நாள் ஓடிப் பார்த்தேன்.

முதல் நாள் அயல்வீட்டு அக்காவின் மழை ஜக்கெட். தூறல் இருந்தது. உட்கையில் தொட்டால் உணரும் அளவுக்கு ஈரம் வர சாம்பல்தீவே போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றிப் பிழிந்தேன். தரையில் தண்ணீர் விழுந்தது. ஜக்கெட்டின் வெளிப்பக்கம் அதைவிடக் காய்ந்திருந்தது.

இரண்டாம் நாள் தேயிலைமேடு தன்னுடைய காற்று ஜக்கெட்டைத் தந்தார். அவருக்கு நன்றி சொல்லி முடியாது. போகும்போது சிப்பைப் பாதி திறந்து வைத்தேன். நிலாவெளியில் திரும்பியதும் முழுதாக மூடினேன். நெஞ்சில் குளிர் இறங்கவே இல்லை. முதுகில் கொஞ்சம் ஈரம், ஆனால் அது தானாகக் காய்ந்துகொண்டே வந்தது. அவர் என்னைவிட உயரம் என்பதால் கை மட்டும் நீளம்.

கொழும்பில் இருக்கும் தங்கை மூலம் பெண்கள் வெட்டில் இரண்டு சைஸ் எடுப்பித்தேன். ஸ்மோலில் மார்புக்குக் குறுக்கே கோடு விழுந்தது. மீடியத்தை வைத்துக்கொண்டேன். 92 கிராம், வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்தேன். செம்மஞ்சள். முதுகில் தோளுக்குக் கீழே வலைத்துணி வைத்த திறப்பு இருக்கிறது. தையலை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன் தங்கச்சி, நட்சத்திரம் இல்லை.

கழுவுவது எப்படி?

உள்ளூசி | டிசம்பர் 9, இரவு 9.15

மீடியம் எடுத்தது நல்லது. சைஸ் எழுத்தைப் பார்த்து மனம் சுருங்க வேண்டாம், கம்பனிக்குக் கம்பனி மாறும்.

கழுவ மெல்லிய திரவ சோப், குளிர்ந்த தண்ணீர். வாசத்துக்கென்று கடைசியில் போடுகிற துணி மென்மையாக்கி மட்டும் வேண்டாம். அது நீர் ஒட்டாத பூச்சின் மேல் படிந்து, துளி உருண்டோடாமல் ஊறத் தொடங்கும். எங்கள் கடற்காற்றில் உப்பு படியும், ஆகவே ஓடிவிட்டு வந்ததும் சிப்பை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உச்சி வெயிலில் காயவிட்டால் நைலோன் பலமிழக்கும், நிழலில் போடுங்கள். துளி ஊறத் தொடங்கினால், லேபல் அனுமதித்தால், மேலே துணி விரித்துக் குறைந்த சூட்டில் அயன் பிடியுங்கள். பூச்சு ஓரளவு மீளும்.

சோளகம் | டிசம்பர் 10, காலை 5.50

மலைக்குப் போகும்போது அயல்வீட்டு மழை ஜக்கெட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இதை மட்டும் கேளுங்கள். இன்னொன்று, பழைய சைக்கிள் பந்தயக்காரர்கள் மலை உச்சியில் சனங்களிடம் பத்திரிகை வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொண்டுதான் இறங்குவார்கள். ஒரு வீரகேசரி பையில் இருக்கட்டும்.

உப்புவெளி விடியல் | ஜனவரி 21, இரவு 7.40

போய் வந்தோம். ஐந்து பேரும் ஏறினோம். ஒருவர் மட்டும் ரம்பொடைக்கு மேலே கொஞ்சத் தூரம் தள்ளி நடந்தார், பிறகு அவரும் ஏறினார்.

தேயிலைமேடு சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. ஏற்றத்தில் ஜக்கெட் முழு நேரமும் பொக்கற்றில். மேலே நின்று படம் எடுத்த ஐந்து நிமிடத்தில் நடுக்கம் தொடங்கிவிட்டது. உடனே போட்டேன். நகருக்குள் போகும் வரை அதுவே போதும்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு இறங்கினோம். லபுக்கலை வர முன்னமே மழை. தூறல் இல்லை, நேராகக் கொட்டுகிற மழை. அப்போது காற்று ஜக்கெட்டின் மேலேயே மழை ஜக்கெட்டைப் போட்டேன். வேர்வையே வராத இறக்கத்தில் அது நன்றாக வேலை செய்தது. சோளகம் அண்ணா, நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் அதைக் கொண்டுபோயிருக்க மாட்டேன். கொண்டுவராத இருவர் தேயிலைக் கடையொன்றில் ஒதுங்க, எல்லோரும் முக்கால் மணித்தியாலம் அங்கேயே நின்றோம். அவர்களில் ஒருவருக்கு உதடு நீலம் பாரித்தது. கடைக்கார அம்மா அடுப்படிக்கே அழைத்துப்போய் உட்காரவைத்துத் தேநீர் தந்தார். வீரகேசரியை உதடு நீலம் பாரித்தவருடைய நெஞ்சுக்குள் வைத்து, என் காற்று ஜக்கெட்டையும் போட்டுத்தான் கீழே கொண்டுவந்தோம். புசல்லாவையில் வெயில்.

ஒரேயொரு குறை. கையின் இலாஸ்டிக் ஈரமானால் மணிக்கட்டில் வெட்டுகிறது. உள்ளூசி, அதை அவிழ்த்து வேறு வைக்கலாமா?

உள்ளூசி | ஜனவரி 21, இரவு 9.05

உதடு நீலம் என்று வாசித்ததும் பயந்துவிட்டேன், சுகமாக வந்து சேர்ந்தது பெரிய நிம்மதி. இலாஸ்டிக் மாற்றலாம், அரை மணித்தியால வேலை. அரை அங்குலத்துக்குப் பதில் ஒரு அங்குல அகலத்தில் மென்மையானதை வைப்போம், வெட்டாது. சொன்னேனே, 9ஆம் நம்பர் ஊசி. அது என்னிடம் இருக்கிறது.

கிண்ணியாப் பாலம் | ஜனவரி 22, காலை 6.30

விடியல், அதற்கு முன் எனக்கு ஒரு நாள் போட்டுப் பார்க்கத் தருவீர்களா? ஹிஜாபுக்கு அந்தக் கொலர் சரி வருமா என்று பார்க்க வேண்டும்.

உப்புவெளி விடியல் | ஜனவரி 22, காலை 6.52

கட்டாயம் ராத்தா. சனிக்கிழமை நானே சைக்கிளில் பாலத்துக்குக் கொண்டுவருகிறேன். ஹெல்மெட்டோடு வாருங்கள், காற்று அடிக்கும்போதே போட்டுப் பார்ப்போம்.